கடல் தாண்டிய விளக்கு வணிகர் லூயி பிளேரியோ

சூலூரிலும் பீளமேட்டிலும் விமானங்கள் ஏறி இறங்குவதைக் கண்டு பழகியவர்கள் நாம். அவ்வோசை கேட்டு அண்ணாந்து பார்க்காத பிள்ளை நம் வட்டாரத்தில் இல்லை எனலாம். ஆயினும், இங்கிலீஷ் கால்வாய் என்னும் கடற்பகுதியை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் யார் என வினவினால் பட்டம் பெற்றோரும் சற்றே தயங்குவர். ரைட் சகோதரர்களை அறிந்த அளவுக்குப் பிரெஞ்சு நாட்டினரான லூயி பிளேரியோவை நம் மாணவர் அறியார். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் அவரைப் பற்றி எழுத நான் விழைந்தமைக்குக் காரணம் உண்டு. அதனை இடையே கூறுவேன்.

பிளேரியோ 1872 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் வட பிரான்சிலுள்ள கம்ப்ரே நகரிற் பிறந்தார். நம் கோவையைப் போன்றே துணிக்குப் பெயர்பெற்ற ஊர் அது. கேம்பிரிக் என்று நம் ஜவுளிக் கடைகளில் வழங்கும் மெல்லிய துணி அவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. தந்தையார் துணி உற்பத்தியாளர். கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த அப்பெற்றோர், மகனைப் பத்தாம் வயதில் உள்ளூரில் மரியன்னையின் பெயர் தாங்கிய நோத்ர தாம் கல்விக்கூடத்தின் விடுதியிற் சேர்த்தனர். அங்கு அவர் பெற்ற பரிசுகளுள் ஒன்று பொறியியல் வரைபடத்திற்கானது. பின்னர் அமியான் நகரிலும், அதன்பின் பாரிஸிலும் பயின்று, எக்கோல் சென்ட்ரால் என்னும் புகழ்மிக்க பொறியியல் கல்லூரியில் இடம் பெற்றார். நுழைவுத் தேர்வில் தேறிய 243 பேருள் அவர் 74 ஆம் இடம். மூன்றாண்டுப் படிப்பு முடிந்தபோது 203 பேருள் 113 ஆம் இடம். தரவரிசையில் முதலாவதாக வாராத பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இவ்வெண்ணை ஒருமுறைக்கு இருமுறை படிப்பாராக.

படை வீரராகக் கட்டாயப் பணி முடித்து, பாரிஸில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்தபின் சொந்தத் தொழிலில் இறங்கினார். அந்நாளில் மோட்டார் வண்டிகளுக்கு நல்ல முகப்பு விளக்கு கிடையாது. கார்பைடுக் கல்லின்மேல் நீர் பட்டால் அசெட்டிலின் வாயு பிறக்கும். அவ்வாயு வெண்சுடராய் எரியும். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் முன்பு எரிந்த கார்பைடு விளக்கும், இன்று கேஸ் வெல்டிங் பட்டறைகளில் எரியும் சுடரும் இதுவே. இவ்வாயுவை விளக்கினுள்ளேயே உண்டாக்கும் கருவியைப் பொருத்தி, வண்டிக்கேற்ற விளக்கைப் பிளேரியோ உருவாக்கினார். 1897 இல் பாரிஸில் விற்பனைக் கூடம் திறந்தார். ரெனோ முதலிய வண்டித் தொழிற்சாலைகள் அவரிடம் விளக்கு வாங்கின. செல்வம் சேர்ந்தது.

1900 அக்டோபரில் தம் கடைக்கு அருகிலுள்ள உணவகத்தில், பெற்றோருடன் உணவருந்த வந்த ஆலிஸ் என்னும் நங்கையை அவர் கண்டார். மணந்தால் இப்பெண்ணையே மணப்பதென்று அன்றே தம் தாயிடம் கூறிவிட்டார். உணவகப் பணியாளுக்குச் சிறு கையூட்டு அளித்து அவளது குடும்ப விவரம் அறிந்தாராம்! நான்கே திங்களில், 1901 பிப்ரவரியில், திருமணம் நிகழ்ந்தது. மக்கள் அறுவர் பிறந்தனர். கணவர் விமானத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்த ஆண்டுகளில் அவ்வில்லத்தைத் தாங்கியவர் ஆலிஸ் அம்மையாரே.

விழுந்துகொண்டே இருந்தார் என்பது மிகைச்சொல் அன்று. 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட அதேர் என்பாரின் பறக்கும் பொறியைக் கண்டது முதல் அவருக்கு அந்த வேட்கை பற்றிக்கொண்டது. பறவையைப் போல் சிறகடிக்கும் பொறி செய்தார், அது எழவில்லை. 1905 இல் வுவாசேன் என்னும் இளைஞருடன் சேர்ந்து மிதவை கட்டிய சறுக்கு விமானம் செய்தார்; சேன் ஆற்றில் அது கவிழ்ந்து வுவாசேன் மூழ்கிச் சாகும் நிலை வந்தது. 1906 நவம்பரில் அவரது நான்காம் விமானம் உடைந்துபோன அதே நாளில், அதே திடலில் பிரேசில் நாட்டவரான சான்டோஸ் துமோன் 220 மீட்டர் பறந்து கைதட்டல் பெற்றார். ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணிட்டுப் பிளேரியோ மேலும் செய்தார், தாமே ஏறி ஓட்டினார், தாமே விழுந்தார். ஏழாம் விமானம் 1907 இறுதியில் ஓரளவு நன்கு பறந்தது, பின் அதுவும் நொறுங்கியது. எட்டாவது, 1908 அக்டோபரில் ஊர்விட்டு ஊர் சென்று திரும்பியது.

நான் கூற வந்த காரணம் இதுதான். இத்தகைய வரலாறுகளைச் சொல்வோர், பத்து முறை விழுந்தும் மனந்தளராமல் எழுந்தார் என்று முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. பத்து முறை விழுவதற்கு அவருக்கு வசதி இருந்தது. விளக்கு விற்ற பணமும், மனைவியின் சீதனமும் ஒவ்வொரு உடைந்த இறக்கைக்கும் விலை கொடுத்தன. நம் பிள்ளை பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினால் மறுவாரமே மில்லுக்கோ, காட்டு வேலைக்கோ, செங்கல் சூளைக்கோ சென்றுவிடுகிறான். அவனிடம் ஊக்கம் இல்லாமலில்லை. இரண்டாம் முறை விழுவதற்கு அவன் வீட்டில் அரிசி இல்லை. அண்ணல் அம்பேத்கரே 1917 இல் பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பேராசிரியராய் உழைத்துச் சேர்த்த பணத்தோடு, கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும் நண்பரின் கடனும் கிடைத்த பின்னரே 1920 இல் அவர் மீண்டும் கப்பலேறினார். உதவித்தொகை என்பதை இரக்கச் செலவு என எண்ணுவோர் நம்மிடையேயும் உளர். அவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

பிளேரியோவுக்கும் பணம் வற்றும் காலம் வந்தது. 1909 இன் தொடக்கத்தில் அவரது சொத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அவ்வாண்டு ஜூலையில், மாடி முகப்பிலிருந்து விழ இருந்த ஒரு சிறுவனை ஆலிஸ் அம்மையார் பற்றிக் காப்பாற்றினார். அவன் தந்தை எயிட்டி நாட்டு நிலக்கிழார். நன்றிப் பெருக்கால் அவர் கடனாக அளித்த 25,000 பிராங்கு கொண்டே கடல் தாண்டும் முயற்சி நடந்தது என்பர்.

கால்வாயை விமானத்தில் முதலிற் கடப்போருக்கு இலண்டன் டெய்லி மெயில் நாளிதழ் 1000 பவுன் பரிசு அறிவித்திருந்தது. போட்டியாளர் லேதம் ஜூலை 19 இல் புறப்பட்டார். நடுவழியில் எந்திரம் நின்று கடலில் இறங்கினார். உயிர் பிழைத்து, வேறொரு விமானத்துடன் மீண்டும் காத்திருந்தார். பிளேரியோவோ காலிற் பட்ட தீப்புண்ணால் ஊன்றுகோலுடன் நடந்தார். அவரது பதினோராம் விமானம் மரச் சட்டமும் கம்பியும் துணியும் கொண்டது. இறக்கையின் முழு நீளம் எட்டு மீட்டருக்கும் குறைவு. அன்சானி என்பார் செய்த மூன்று உருளை எந்திரத்தின் ஆற்றல் 25 குதிரைத்திறன். நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் போல் ஐந்து மடங்கு, அவ்வளவே. அதுவும் சிறிது நேரத்திற் சூடேறி நின்றுவிடும் இயல்புடையது.

ஜூலை 25, ஞாயிறு. கதிரவன் எழுந்தபின்னரே பறத்தல் வேண்டும் என்பது விதி. லேதம் உறக்கத்தில் இருக்க, காலை 4 மணி 41 நிமிடத்திற்கு, கலே அருகிலுள்ள கடற்கரையிலிருந்து பிளேரியோ எழுந்தார். கீழே எஸ்கோபெத் என்னும் போர்க்கப்பல். அதில் ஆலிஸ் அம்மையார். விமானம் கப்பலை முந்தியது. பனிமூட்டம் சூழ்ந்தது. பின்னே பிரான்சும் இல்லை, முன்னே இங்கிலாந்தும் இல்லை, கப்பலும் இல்லை. திசைகாட்டி கொண்டுவரவில்லை. ஏறத்தாழப் பத்து நிமிடம், எந்திரத்தின் ஓசை ஒன்றே துணையாக, நேர்கோடு என்று தாம் நம்பியதைப் பற்றிச் சென்றார். பின்னர்க் கரை தெரிந்தது. காற்று அவரை டோவருக்குக் கிழக்கே தள்ளியிருந்தது. கரையோரமாகத் திரும்பி வந்து, கோட்டைக்கு அருகே ஒரு புல்வெளியில் பிரெஞ்சுக் கொடியை வீசி நின்ற செய்தியாளரைக் கண்டு இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதே பொருந்தும். சக்கரச் சட்டமும் சுழல்விசிறியும் உடைந்தன. கடந்த நேரம் முப்பத்தாறரை நிமிடம்.

கடலையே அரணாக நம்பியிருந்த இங்கிலாந்து அன்று திடுக்கிட்டது. விளக்கு வணிகரின் தொழிற்சாலைக்குச் சில திங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு ஆணைகள் குவிந்தன. விமானப் பயிற்சிப் பள்ளிகளும் நிறுவினார். அவ்வாண்டு டிசம்பரில் இஸ்தான்புல்லில் ஒரு வீட்டுக் கூரையின்மேல் விழுந்து விலா எலும்பு முறிந்தபின் போட்டிப் பறத்தலை நிறுத்திக்கொண்டார். முதல் உலகப் போரில் அவர் தலைமையிலிருந்த ஸ்பாட் நிறுவனத்தின் போர் விமானங்கள் புகழ்பெற்றன. அழிவுக்குப் பயன்பட்ட அப்புகழை நான் விரித்துரைக்க விரும்பவில்லை.

அவர் தாண்டிய அலை நம் கரையையும் தொட்டது. அடுத்த ஆண்டே, 1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய தாஞ்செலிஸ் என்பார், சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு விமானம் கட்டிப் பல்லாவரத்திற் பறந்தார். பிரான்சின் ஆர்தலோ கடற்கரையில் பிளேரியோ குடும்பத்தின் கோடை வீட்டுக்கு அருகே ஓர் இந்தியக் குடும்பமும் கோடையைக் கழித்தது. அவ்வீட்டுச் சிறுவன் பிளேரியோவின் மக்களோடு விளையாடி, அக்கடற்கரையில் இறங்கும் விமானங்களை நோக்கி நின்றான். 1919 இல், பதினைந்தாம் வயதில், அங்கேயே முதன்முறை விமானத்தில் ஏறினான். அவர் ஜே.ஆர்.டி. டாட்டா. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை அவர் 1929 இல் பெற்றார். 1932 அக்டோபர் 15 இல் கராச்சியிலிருந்து பம்பாய் வரை அஞ்சற் பைகளைத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து வின்சென்ட் என்னும் விமானி பெல்லாரி வழியாக அவற்றைச் சென்னைக்குக் கொணர்ந்தார்.

பிளேரியோ 1936 ஆகஸ்ட் முதல் நாள் பாரிஸில் காலமானார். இராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. வெர்சாய் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். கால்வாயைக் கடந்த அவ்விமானம் பாரிஸ் தொழிற்கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.