தாய்முகம் காணாத மேரி ஷெல்லி

இரவில் விளக்கை அணைத்தபின் தோழியர் கூடிப் பேய்க் கதை பேசி, பிறகு தூக்கம் வராமல் போர்வைக்குள் ஒடுங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அத்தகைய கதைகளுள் உலகப் புகழ் பெற்ற ஒன்று 'பிராங்கன்ஸ்டைன்'. அதை எழுதத் தொடங்கியபோது அதன் ஆசிரியைக்கு வயது பதினெட்டுதான். அவர்தான் மேரி ஷெல்லி. வெறுமனே அச்சமூட்டுவதற்காக எழுதப்பட்ட கதை என்று அதை நினைப்பவர்கள் பலர். அவருடைய வாழ்க்கையை அறிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

1797 ஆகஸ்ட் 30 அன்று இலண்டன் மாநகரில் மேரி பிறந்தார். தந்தை வில்லியம் காட்வின் பெயர் பெற்ற அரசியல் சிந்தனையாளர். தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களுக்கும் ஆண்களைப் போன்றே கல்வி அளிக்க வேண்டும் என்று 1792-இல் நூல் எழுதி வாதாடியவர். பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் அந்த அம்மையாரை நன்றியோடு நினைத்தல் தகும். ஆனால் அந்தத் தாயிடம் பாடம் கேட்கும் பேறு அவருடைய மகளுக்குக் கிடைக்கவில்லை. மகள் பிறந்த பதினொரு நாட்களில் பிரசவக் காய்ச்சலால் அவர் உயிர் நீத்தார். தாயின் கல்லறையில் பொறித்திருந்த எழுத்துகளை விரலால் தடவித்தான் சிறுமி மேரி தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள் என்று சொல்வார்கள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயர் அல்லவா!

தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னைக்கும் மேரிக்கும் ஒத்துப்போகவில்லை. ஆறுதல் தந்தவை தந்தையின் நூலகத்துப் புத்தகங்கள். கோல்ரிட்ஜ் போன்ற கவிஞர்கள் அவ்வீட்டுக்கு வந்து உரையாடுவர். சிறுமி மேரி அவற்றையெல்லாம் காது கொடுத்துக் கேட்டே அறிவு வளர்த்தாள்.

1814-இல், பதினாறு வயதில், மேரி கவிஞர் பெர்சி ஷெல்லியோடு வீட்டை விட்டு வெளியேறினார். பெர்சி ஏற்கெனவே மணமானவர். இது நாம் பின்பற்றத் தக்க செயல் அன்று. அதனால் பிறர் பட்ட துன்பமும் பெரிது. மேரி பட்ட துன்பமும் பெரிது. பெர்சியின் முதல் மனைவி 1816-இல் நீரில் மூழ்கி மாண்டார். பெண்ணுரிமை பேசிய வீட்டிலேயே மேரிக்குக் கதவு சாத்தப்பட்டது. 1815-இல் குறைமாதத்தில் பிறந்த அவருடைய முதல் பெண் குழந்தை, பெயர் சூட்டுமுன்னரே இறந்தது. சில நாட்களுக்குப் பின் மேரி ஒரு கனவு கண்டார். குழந்தை இறக்கவில்லை, உடல் சில்லிட்டுத்தான் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் பெற்றது என்பது அக்கனவு. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் அந்தப் புகழ்பெற்ற கதை உருவாயிற்று. 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகையும் துகளும் வானில் பரவிச் சூரிய ஒளியை மறைத்தமையால், 1816-இல் ஐரோப்பாவில் கோடை வரவே இல்லை. அந்த மழைக்காலம் போன்ற கோடையில் மேரியும் பெர்சியும் சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரிக்கரையில் தங்கியிருந்தனர். கவிஞர் பைரனும் அவருடைய மருத்துவர் போலிடோரியும் அண்டை வீட்டினர். வெளியே செல்ல முடியாமல் அனைவரும் கணப்பைச் சுற்றி அமர்ந்து பேய்க் கதைகள் படித்தனர். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் பைரன். மேரிக்கோ பல நாட்கள் ஒன்றும் தோன்றவில்லை.

இறந்த தவளையின் காலில் மின்சாரம் பட்டால் அது துடிக்கும் என்று இத்தாலிய அறிஞர் கால்வானி கண்டிருந்தார். அப்படியானால் இறந்த உடலுக்கு உயிர் கொடுக்க முடியுமா என்று ஒரு நாள் இரவு அங்கே விவாதம் நடந்தது. அன்றிரவு மேரிக்கு உறக்கம் வரவில்லை. தான் உருவாக்கிய உடல் அசைவதைக் கண்டு அஞ்சி நிற்கும் ஒரு மாணவன் அவர் மனக்கண்ணில் தோன்றினான். கதை கிடைத்துவிட்டது.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்து அதற்கு உயிரூட்டுகிறான். அது கண் திறந்ததும் அதன் விகாரம் கண்டு ஓடிவிடுகிறான். ஆதியில் ஆண்டவர் தாம் படைத்தவற்றை நோக்கி மகிழ்ந்தார் என்று விவிலியத்தில் படிக்கிறோம். இவனோ தான் படைத்ததை ஏறெடுத்தும் பார்க்க மறுத்தான். பெயர்கூட வைக்கவில்லை. அந்த உயிர் காட்டில் அலைந்து, ஒரு குடிசையில் வாழ்ந்த ஏழைக் குடும்பத்தாரின் பேச்சை மறைந்திருந்து கேட்டே மொழி கற்கிறது, நூல்கள் படிக்கிறது, அவர்களுக்கு விறகு வெட்டித் தருகிறது. அன்பை நாடி அவர்களிடம் போனபோது அடித்து விரட்டப்படுகிறது. அதன் பிறகே அது கொலை செய்யும் அரக்கனாகிறது. தாயின் அணைப்பை அறியாத மகளும், பெயரிடாமலே குழந்தையைப் பறிகொடுத்த தாயுமான ஒருத்தியால்தான் இதை எழுத முடியும் என்று படிக்கும்போது தோன்றுகிறது. இக்கதையில் நம்மை உண்மையாகவே நடுங்க வைப்பது தைத்து ஒட்டிய அந்த உடல் அன்று; பெற்றவன் முகம் திருப்பிக்கொண்டு ஓடிய அந்த நொடியே.

நூல் 1818 ஜனவரி 1 அன்று, ஐந்நூறு பிரதிகளாக, ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. பெர்சிதான் எழுதியிருப்பார் என்று பலரும் எண்ணினர். ஓர் இளம்பெண்ணால் இப்படி எழுத இயலும் என்று யார் நம்பினார்கள்? 1823-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் அச்சாயிற்று. அதே ஆண்டு இலண்டனில் இக்கதை நாடகமாக நடிக்கப்பட்டதை மேரியே சென்று பார்த்தார். நாடக விளம்பரத்தில் அந்த உருவத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கோடிட்டு வெறுமையாக விட்டிருந்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. பிராங்கன்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது படைத்தவனின் பெயர்.

இதற்குள் மேரியின் வாழ்வில் இடிமேல் இடி விழுந்துவிட்டது. 1818-இல் வெனிஸ் நகரில் மகள் கிளாரா இறந்தாள். 1819-இல் உரோமையில் மூன்று வயது மகன் வில்லியம் இறந்தான். 1822 ஜூலையில் பெர்சி படகு கவிழ்ந்து கடலில் மாண்டார். இருபத்து நான்கு வயதில் மேரி கைம்பெண்ணானார். எஞ்சியது பெர்சி புளோரன்ஸ் என்ற ஒரே ஆண் குழந்தை.

அவர் இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. மாமனார் சிறு தொகை கொடுத்தார். ஆனால் மகனின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். நாவல்கள், சிறுகதைகள், கலைக்களஞ்சியத்துக்கான வாழ்க்கை வரலாறுகள் என்று மேரி ஓயாமல் எழுதிப் பிழைத்தார். கொள்ளைநோயால் மனித குலமே அழிவதைக் கூறும் 'கடைசி மனிதன்' என்ற நாவல் 1826-இல் வந்தது. மகனை நல்ல பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படிக்க வைத்தார். கணவரின் சிதறிய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து 1839-இல் கவிதைத் தொகுப்பாக வெளியிட்டார். வரலாறு எழுதத்தானே தடை? ஒவ்வொரு காலத்துக் கவிதைகளுக்கும் அவை பிறந்த சூழ்நிலையைக் குறிப்பாக எழுதிச் சேர்த்துவிட்டார். பெர்சியை இன்று உலகம் பெருங்கவிஞராக அறிவதற்கு இந்த உழைப்பு முக்கியமான காரணம். விக்டர் செய்யத் தவறியதை மேரி செய்தார். தம் கையில் ஒப்படைக்கப்பட்ட எதையும் அவர் கைவிடவில்லை.

1851 பிப்ரவரி 1 அன்று தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் மேரி இலண்டனில் காலமானார். அவருடைய கதை 1931-இல் போரிஸ் கார்லாஃப் நடித்த திரைப்படமாகி உலகெங்கும் பரவியது. மரபணுவை மாற்றவும் சிந்திக்கும் இயந்திரங்களைச் செய்யவும் மனிதன் துணிந்துவிட்ட இக்காலத்தில், உன்னால் உருவானதற்கு நீயே பொறுப்பு என்று அந்தப் பழைய கதை அறிவியலாருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கும் அது பொருந்தும். வகுப்பில் யாரோடும் சேராமல் ஒதுங்கி அமர்ந்திருக்கும் ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ள நமக்குப் பெரிய அறிவியல் ஒன்றும் வேண்டாம்.

பெற்றோரின் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது மேரியின் விருப்பம். மகனும் மருமகளும் அதை நிறைவேற்றினர். இலண்டன் கல்லறையிலிருந்து காட்வின், வுல்ஸ்டன்கிராஃப்ட் இருவரின் எச்சங்களையும் எடுத்து வந்து, போர்ன்மத் நகரின் புனித பேதுரு ஆலய வளாகத்தில் மேரியோடு அடக்கம் செய்தனர். பதினொரு நாட்களில் பிரிந்த தாயும் மகளும் அங்கே ஒரே கல்லறையில் துயில்கின்றனர்.