ஜோய் அடம்சன் அம்மையார் சரித்திரச் சுருக்கம்

கொடிய விலங்கென்று பாடசாலைச் சிறுவர்க்கு யாம் சொல்லிக்கொடுத்து வருகின்ற சிங்கத்தைத் தம் வயிற்றிற் பிறந்த மகவேபோலப் பாலூட்டி வளர்த்து, வளர்ந்தபின் அதனைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாது காட்டுக்கே மீள விடுத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் பிற்காலத்தில் ஆபிரிக்கக் கண்டத்துக் கென்யா தேசத்திலே, பாழ்நிலத்திற் கூடாரமடித்து, ஒரு சிறுத்தையை உறவாகக் கொண்டு வாழ்ந்தவர்.

அம்மையார் 1910ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20ஆந் திகதி, அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த சிலேசியா நாட்டிலே ட்ரோப்பௌ நகரிற் பிறந்தார். பிள்ளைத்திருநாமம் பிரீடெரிக்கே விக்டோரியா என்பது. பெற்றோர் பிரிந்தமையாற் பாட்டியாரிடத்தில் வளர்ந்து, வியன்னா நகரிலே பியானோ முதலியன பயின்றார். 1937இல் கென்யாவுக்கு வந்தவர் அந்நாட்டைவிட்டுப் பெயர மனங்கொள்ளவில்லை. மும்முறை மணம்புரிந்தார். இரண்டாங் கணவர் தாவர நூல் வல்லவர். அவர் கூட்டுறவினால் அம்மையார் காட்டுப் பூக்களை வரையத் தொடங்கினார். அந்நாட்டுப் பழங்குடி மக்களின் உருவங்களை நூற்றுக்கணக்காகத் தீட்டியவரும் இவரே. 1944இல் வனவிலங்குக் காவலதிகாரியாகிய ஜோர்ஜ் அடம்சனை மணந்தார். மகப்பேறு வாய்க்கவில்லை.

1956ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே, மனிதனைக் கொன்ற சிங்கமொன்றைத் தேடிச்சென்ற ஜோர்ஜ் என்பார், தம்மேற் பாய்ந்த ஒரு பெண்சிங்கத்தைச் சுட்டு வீழ்த்தினார். அது பாய்ந்த காரணம் பின்னரே புலப்பட்டது. பாறைப்பிளவினுள்ளே கண்விழித்துச் சில நாளேயான மூன்று குருளைகள் கிடந்தன. தாயைக் கொன்ற கையே அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்தது. இரண்டு நாள்வரை பாலுண்ண மறுத்த அக்குருளைகளை அம்மையார் புட்டிப்பாலூட்டிப் பிழைப்பித்தார். முயலளவினதாய்ப் பாறைகளில் வாழும் ஒரு சிறு பிராணியும் அவ்வீட்டில் இருந்தது. அது தாதிபோல நின்று அவற்றை மேய்த்ததாம். சிலமாதங்கழித்துப் பெரிய குருளைகள் இரண்டும் ஒல்லாந்து தேசத்து றொற்றடாம் நகர விலங்குச் சாலைக்குப் போயின. சிறியதாகிய எல்சா நின்றது.

எல்சா முழுவளர்ச்சி எய்தியபோது, அதனையும் விலங்குச் சாலைக்கு அனுப்புவதே பலர்க்கும் எளிய வழியாகத் தோன்றிற்று. அம்மையார் உடன்பட்டிலர். ஆயின் வேட்டையறியாத சிங்கத்தைக் காட்டில் விடுதலும் கொலையோடொக்கும். ஆதலின் 1958இல் அதற்கு வேட்டை பழக்கத் தொடங்கினர். முதலில் விட்ட இடத்தில் அது நோயுற்று மெலிந்தது. பின்பு மேரு என்னும் பிரதேசத்திற் கொண்டுபோய் விட்டனர். ஆட்டிறைச்சி அறுத்தறுத்து அதன்முன் இட்டமையைப் படிக்கும்போது புலால் மறுத்தோராகிய நம்மனோர்க்கு உள்ளங் கூசவே செய்யும். ஒருயிரை ஓம்பப் பல்லுயிர் மாய்ந்தமை மறுக்கற்பாலதன்று. யாமும் அதனை மறைத்தெழுத விரும்பவில்லை. எல்சா தானே இரைதேடக் கற்றது. காட்டுச்சிங்கத்தோடு கூடி 1959ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று குட்டிகளை ஈன்றது. ஈன்று, அவற்றை ஆற்றைக் கடத்தி அம்மையாரிடத்துக்குத் தானே கொணர்ந்து காட்டியது. 1961ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், உண்ணியாற் பரவும் நோயொன்றினால் ஐந்து வயது நிரம்புமுன்னரே இறந்தது. தாயற்ற குட்டிகள் குடியானவருடைய ஆடுகளைக் கவரத் தலைப்பட்டமையின், அவற்றைப் பிடித்துச் செரெங்கெட்டி வனத்திற் கொண்டுபோய் விட நேர்ந்தது.

எல்சாவின் கதையை அம்மையார் எழுதிய ‘பார்ன் பிறீ’ என்னும் நூல் 1960இல் வெளிவந்து பல பாஷைகளிலும் பரவிற்று, 1966இல் திரைப்படமுமாயிற்று. வந்த பொருளிற் பெரும்பகுதியை வனவிலங்குகளின் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். அடுத்து, பிப்பா என்னும் சிவிங்கியை வளர்த்து மேருவிலே விடுத்தார். 1969இல் வாகன விபத்தொன்றில் வலக்கை சிதைந்தது. தூரிகையும் பியானோவும் அன்றோடு ஒழிந்தன. கணவரும் அவரும் இதற்குள் வேறு வேறிடங்களில் வாழத் தொடங்கிவிட்டனர்.

அறுபத்தாறு வயதில் அம்மையார் கையில் ஒரு சிறுத்தைக் குட்டி வந்துசேர்ந்தது. பென்னி என்று பெயரிட்டார். சிங்கம் கூட்டமாய் வாழ்வது. சிறுத்தையோ தனித்து ஒளிந்து திரிவது. மனிதரோடு அஃது ஒட்டாதென்று அறிந்தோர் தடுத்தனர். கேட்டிலர். சாபா என்னும் வறண்ட வனத்திற் கூடாரமிட்டு, சில ஏவலாளரன்றி வேறு துணையின்றி, நாடோறும் அதன் அடிச்சுவடு தேடிக் கற்பாறைகளில் ஏறியிறங்கினார். நரைமூதாட்டி ஒருத்தி வெயிலில் நின்று ஒரு சிறுத்தையின் பெயரைக் கூவியழைக்குங் காட்சியை எண்ணிப்பார்க்குந்தோறும் எமக்கு வியப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. 1979இற் பென்னி இரண்டு குட்டிகளை ஈன்றது.

விலங்கினிடத்து இத்துணைப் பொறுமை காட்டியவர் மனிதரிடத்து அதிற் பாதியும் காட்டினாரல்லர் என்பது அவரை நெருங்கிப் பழகியோர் பலர் சொல்வது. கடுஞ்சொல்லும் முன்கோபமும் உடையவர். ஏவலாளரை அடிக்கடி நீக்குபவர். 1980ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி மாலையிலே வழக்கம்போல உலாவச் சென்றவர் திரும்பிற்றிலர். வழியிற் பிணமாகக் கிடந்தார். எழுபதாவது பிறந்தநாளுக்குப் பதினேழு நாளே இருந்தது. சிங்கம் கொன்றதென்று முதலிற் செய்தி பரந்தது, உலகமும் நம்பிற்று. ஆராய்ந்தபோது காயங்கள் கூரிய ஆயுதத்தாலானவை என்று தெரிந்தது. வேலையினின்று நீக்கப்பட்ட இளைஞன் ஒருவன் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. கொலை நிகழ்ந்தபோது பிராயம் நிரம்பாதவனாதலின் தூக்குத்தண்டனைக்குத் தப்பினான்.

விலங்குகளிடையே நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தவரை ஒரு விலங்கும் கொல்லவில்லை. அவர் விரும்பியபடியே, உடலின் சாம்பலை மேருவுக்குக் கொண்டுசென்று, எல்சாவும் பிப்பாவும் புதைக்கப்பட்ட இடங்களில் இட்டனர்.