சோறு சாப்பிடச் சொன்ன டாக்டர்

காரைக்கால் பக்கம் சுரக்குடி, நெல் விளையும் ஊர். அங்கே சோறு இல்லாத சாப்பாடு சாப்பாடே அல்ல. அப்படிப்பட்ட வீட்டில் சர்க்கரை வியாதி வந்தால்?

சோற்றைத் தள்ளு, இறைச்சியும் கொழுப்பும் தின்னு என்பதே மேல்நாட்டுப் பழைய பத்தியம். 1921-ல் இன்சுலின் கண்டுபிடித்த பிறகும் மாவுப் பண்டத்தின் மீது சந்தேகம் தீரவில்லை. தமிழ்நாட்டுக் குடும்பம் அதை எத்தனை நாள் தாங்கும்?

சென்னை டாக்டர் எம். விசுவநாதன் (1923-1996) இதை எண்ணிப் பார்த்தார். 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். 1954-ல் ராயபுரத்தில் சொந்த ஆஸ்பத்திரி கண்டார்.

அவர் சோற்றை விலக்கவில்லை, அளவு வைத்தார். கூடவே பருப்பு, பயறு, கீரை, காய்கறி நிறைய. எண்ணெய் கொஞ்சம். சீனிக்கு இடமில்லை. நார்ச்சத்து சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை மெல்ல ஏறும். வயிறும் சீக்கிரம் நிறையும், உடம்பு பெருக்காது. 1970-களில் நோயாளிகளுக்கு இந்தச் சாப்பாட்டைக் கொடுத்துச் சோதித்தார். பலன் தெரிந்தது.

தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தட்டில் குவித்துக்கொள்வது வேறு சங்கதி. அதன் கெடுதலை அவர் மகன் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சிகள் பின்னாளில் எடுத்துக் காட்டின.