ஒரு கார் போதும் என்று நினைத்த ஹென்றி போர்டு

1904-ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு 65 டாலர் கொடுத்து ஒரு பழைய வண்டியை வாங்கினார். நான்கு சைக்கிள் சக்கரங்கள், இரண்டு சிலிண்டர் என்ஜின், திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் வண்டி. பிரேக் கிடையாது. பின்னால் போகவும் தெரியாது. தம் பெயரிலேயே கம்பெனி நடத்திப் புதுக் கார்களை விற்று வந்த மனிதருக்கு இந்த ஓட்டை வண்டி எதற்கு என்று பார்த்தவர்கள் வியந்திருப்பார்கள். காரணம் இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரே தம் கையால் செய்து, 200 டாலருக்கு விற்ற வண்டி அது!

போர்டு 1863 ஜூலை 30-ல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். ஏர் பிடிப்பதில் பையனுக்கு ஆசை இல்லை. அக்கம்பக்கத்தார் கடிகாரங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதில்தான் ஆசை. பதினாறாவது வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போய் இயந்திரப் பட்டறையில் சேர்ந்தார். 1891-ல் எடிசன் மின்சாரக் கம்பெனியில் என்ஜினியர் வேலை கிடைத்தது. பகலில் உத்தியோகம், இரவில் வீட்டுக் கொட்டகையில் வண்டி வேலை. 1896 ஜூன் 4-ல், பொழுது விடியும் முன்பே வண்டி தயாராகி விட்டது. ஆனால் கொட்டகைக் கதவு வண்டியைவிடக் குறுகலாக இருந்தது. போர்டு கோடாலியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்து வழி செய்தார். மனிதரின் குணம் அன்றே தெரிந்தது.

முதலில் தொடங்கிய இரண்டு கம்பெனிகள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1903-ல் தொடங்கிய மூன்றாவதுதான் நிலைத்தது. 1908 அக்டோபரில் அதிலிருந்து ‘டி மாடல்’ கார் வெளிவந்தது. விலை 850 டாலர்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வனேடியம் கலந்த உறுதியான எஃகு. இருபது குதிரைச் சக்தி. சேறும் பள்ளமுமான கிராமப் பாதையில் தட்டாமல் போக நல்ல உயரம். பெட்ரோலை இழுத்து விட பம்பு கிடையாது; தொட்டியிலிருந்து தானாகவே என்ஜினுக்கு இறங்கி வரும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஏறுவார்கள்! எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சி போதும். உழவர்கள் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வார் மாட்டி, அதைக் கொண்டே மரம் அறுத்தார்கள், தானியம் அரைத்தார்கள்.

பழுதானால் சொந்தக்காரரே ஸ்பானரும் சுத்தியலும் எடுத்துப் பார்த்துக் கொள்ளலாம். வேண்டிய சாமான் இரும்புக் கடையிலேயே கிடைத்தது. 1910-ல் வாங்கிய வண்டிக்கு 1925-ல் செய்த என்ஜின் பாகங்கள் பலவும் பொருந்தின. இது தற்செயல் அல்ல. ஒருவர் ஒரு முறை கார் வாங்கினால் மறுபடி வாங்க வேண்டிய அவசியமே வரக்கூடாது என்பது போர்டின் கொள்கை. கார் விற்பவர் இப்படி நினைப்பது விந்தைதான்.

1913-ல் நகரும் வரிசை முறை வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சட்ட வேலை சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. மறு ஆண்டு, தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்து ஊரையே கலக்கினார். காரின் விலை இறங்கி இறங்கி 1920-களின் நடுவில் 260 டாலருக்கு வந்தது. மாடல் மட்டும் மாறவில்லை. 1912-ல் அவர் ஐரோப்பாவுக்குப் போயிருந்த சமயம், என்ஜினியர்கள் புது மாதிரிக் கார் ஒன்றைச் செய்து வைத்தார்களாம். திரும்பி வந்த போர்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவுகளைக் கையாலேயே பிய்த்து எறிந்தார் என்று அவரிடம் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றினார். பழைய வண்டியைக் கொடு, மீதியைத் தவணையில் கட்டு என்றார். சென்ற வருஷத்துக் காரில் போனால் அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஜனங்களுக்கு வந்தது. ஓடுகிற காரை ஒதுக்கிவிட்டு, கடன் வைத்துப் புதுக் கார் வாங்கும் வழக்கம் அப்போது பிடித்ததுதான். இன்றும் விட்டபாடில்லை.

வேடிக்கை என்னவென்றால், போர்டைத் தோற்கடித்ததில் பழைய கார்களுக்கும் பங்கு உண்டு. கையில் பணம் குறைவாக இருந்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். புதிய டி மாடல் விலைக்கே, யாரோ ஓட்டி விற்ற, கூரையும் கண்ணாடியும் கொண்ட நல்ல கார் கிடைத்தது. புதுக் காரின் விலை முதல் சில வருஷங்களில்தான் வேகமாக விழும். அந்த நஷ்டம் முதலில் வாங்கியவர் தலையில். பிறகு வாங்குபவருக்கு லாபம். போர்டு வளர்த்த ஏழை வாடிக்கையாளர்கள் இப்படிப் பழைய கார் பக்கம் போய்விட்டார்கள்.

போர்டு இதைக் காண மறுத்தார். மாற்றம் வேண்டும் என்று மன்றாடியவர் அவருடைய ஒரே குமாரர் எட்செல். கம்பெனித் தலைவர் என்ற பட்டம் மகனுக்கு, அதிகாரம் தகப்பனாருக்கு. 1926-ல் எட்செலின் மைத்துனர் கான்ஸ்லர், நிலைமையை விளக்கி நீண்ட குறிப்பு எழுதினார். சில மாதங்களில் அவருக்கு வேலை போயிற்று. நீடித்து உழைக்கும் கார் வேண்டும் என்றதில் போர்டு செய்த தவறு எதுவும் இல்லை. ஆனால் நீடிப்பது வேறு, திருந்தாமல் இருப்பது வேறு. நான்கு சக்கரங்களிலும் பிரேக் வைத்த கார்கள் வந்து கொண்டிருந்த காலத்தில் டி மாடலின் முன்சக்கரங்களில் பிரேக்கே இல்லை. தம் பத்திரிகையில் யூதர்கள் மீது அவர் வெறுப்பைப் பரப்பியதும் இதே காலத்தில்தான். பிறர் சொல் கேளாத குணம் அங்கே பெரும் கேடாகவே முடிந்தது.

1927 மே 26-ல் ஒரு கோடியே ஐம்பதாவது லட்சம் கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. தந்தையும் மகனும் அதில் ஏறிப் போனார்கள். அதோடு டி மாடல் நின்றது. சுமார் ஆறு மாதம் தொழிற்சாலை மூடிக் கிடக்க, ஆயிரக்கணக்கானோர் வேலையின்றித் தவித்தார்கள். டிசம்பரில் புதிய ‘ஏ மாடல்’ வந்தது.

ஆனால் சாலையில் ஓடிய பழைய கார்களை அவர் கைவிடவில்லை. டி மாடலுக்கான என்ஜின்களை 1941 வரை செய்து கொடுத்தது அவருடைய கம்பெனி. காரை நிறுத்தி 14 ஆண்டுகள் ஆன பிறகும்! பழம் பொருள்களைச் சேர்த்து டியர்பர்ன் ஊரில் பெரிய காட்சிசாலையும் அமைத்தார். 65 டாலருக்கு வாங்கிய அந்த முதல் வண்டியும் அங்கே இருக்கிறது.

எட்செல் 1943-ல், 49 வயதில் இறந்தார். தகப்பனார் இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தார். 1947 ஏப்ரல் 7-ல் ரூஜ் ஆற்றில் வெள்ளம் வந்து, போர்டின் மாளிகையில் மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் ஏற்றி வைத்திருந்த அந்த வீட்டில், அன்றிரவு அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 83.