புட்டிக்குள் மலர்ந்த தோட்டம்

டாக்டர் நதானியேல் வார்டு 1791-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். 13-ஆம் வயதில் ஜமெய்க்காத் தீவுக்குக் கப்பலேறினார். அங்கே கண்ட பசுமை அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை.

தந்தையைப் போலவே அவரும் வைத்தியரானார். கிழக்கு லண்டனில் தொழில்; தொழிற்சாலைகளுக்கு நடுவே வீடு. ஆசையுடன் வளர்த்த பெரணிச் செடிகள் நிலக்கரிப் புகையில் மடிந்தன.

1829-ல், ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் வைத்தார். அந்துப்பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். ஆனால், மண்ணில் தலைகாட்டியவை ஒரு பெரணியும் ஒரு புல்லும்! மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் துளித்துளியாகப் படிந்து, மீண்டும் மண்ணிலேயே இறங்கியது. வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே அவை வாழ்ந்தன. புல் ஒரு முறை பூக்கவும் செய்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் புகுந்த பிறகே இரண்டும் அழிந்தன.

புகை நுழையாத இடத்தில் செடி பிழைக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1833-ல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைச் சிட்னிக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள், வழியில் பனியையும் வெயிலையும் தாங்கி, லண்டன் வந்து இறங்கின!

செல்வர் வீட்டுக் கூடங்களில் வார்டு பெட்டி இடம்பிடித்தது. அவரோ, ஏழைகளின் இருண்ட அறைகளுக்கும் பசுமை எட்ட வேண்டும் என்று 1842-ல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார்.

1868-ல் வார்டு காலமானார். எட்டு ஆண்டுகள் கழித்து, கியூ தோட்டத்து ரப்பர்க் கன்றுகள் இலங்கைக்குக் கடல் கடந்து வந்ததும் அவர் கண்ட பெட்டியில்தான்.