ஆற்றின் பெயர் பூண்ட பேராசிரியை

பர்மாவில் மியிஞ்சான் என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஒரு பெண் மகவு பிறந்தது. அந்நாட்டின் பேராறாகிய ஐராவதியின் பெயரையே பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினர். மானிடவியல் அறிஞராய் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த இராவதி கார்வே அம்மையாருக்கு ஓரிடத்தில் நில்லா ஆற்றின் பெயர் வாய்த்தது பொருத்தமே.

ஏழாம் வயதில் புணேக்குக் கல்வி கற்க அனுப்பப்பெற்ற அவர், பெர்குசன் கல்லூரியில் தத்துவமும், பம்பாயில் பேராசிரியர் குர்யேயிடம் சமூகவியலும் பயின்றார். வேதியியல் ஆசிரியராகிய தினகர் கார்வேயை மணந்தார். கணவர் அவரை மேற்படிப்புக்கு ஜெர்மனி அனுப்ப விழைந்தபோது, மகளிர் கல்விக்கே வாழ்வை ஈந்த மாமனார் தோண்டோ கேசவ் கார்வே அதனை விரும்பவில்லை என்பது விந்தை!

பெர்லினில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆய்கன் பிஷர், வெள்ளையரே அறிவில் மேம்பட்டவர் என்னும் கொள்கையினர். மண்டையோட்டின் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதற்குச் சான்றாக்க எண்ணினார். சான்று தேடும் பணி இந்திய மாணவியிடம் வந்தது. அம்மையார் 149 மண்டையோடுகளைப் பொறுமையுடன் அளந்தார். இனத்துக்கும் அவ்வேறுபாட்டுக்கும் தொடர்பில்லை என்றே அளவுகள் காட்டின. பட்டத்துக்குப் பரிந்துரைக்க வேண்டியவரின் கொள்கைக்கே மாறான முடிவு அது. அயல்நாட்டில் தனித்திருந்த அவ்விளம்பெண் ஆசிரியர் மனம் குளிர எதையும் மாற்றவில்லை. கண்டதையே எழுதிப் பட்டமும் பெற்றார்.

1939இல் புணே தக்காணக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்குத் தொல்லியல் பேராசிரியராயிருந்த சங்காலியாவுடன் குஜராத்தின் லாங்நாஜ் மணல்மேட்டை அகழ்ந்தபோது, நுண்கற்கருவிகளோடு தொன்மாந்தரின் எலும்புக்கூடுகளும் வெளிப்பட்டன. பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுவது அரிதாயிருந்த காலத்தில் புணே வீதிகளில் அதனை ஓட்டிச் சென்றவரும் இவரே.

குடகு, மலபார், பீகார் எனச் சுற்றித் திரட்டிய செய்திகளின் பயன், 1953இல் வெளிவந்த இந்திய உறவுமுறை பற்றிய பெருநூல். அதில் நம்மவர்க்கு இனிப்பதொரு பகுதி உண்டு. வடநாட்டு மணமகள் முன்பின் அறியாதார் இல்லத்துக்கு, வேற்றூருக்குச் செல்கிறாள். தென்னாட்டிலோ அத்தையே மாமியாராகலாம். புகுந்த வீடு அவள் சிறுவயதில் விளையாடிய வீடாகவே இருக்கலாம். இவ்வேறுபாட்டால் மகளுக்கும் மருமகளுக்கும் உரிய நடத்தையே இரு பகுதிகளிலும் மாறுவதை அம்மையார் நுட்பமாய் விளக்கினார்.

பண்டரிபுரத்துக்கு அடியார் கூட்டத்துடன் கால்நடையாகவும் சென்றார். ஒரே இறைவனைப் பாடி ஒரே வழியில் நடப்போர், உண்ணும் வேளையில் சாதிவாரியாகப் பிரிந்து சமைத்ததைக் கண்டு வருந்தினார். பக்திப் பரவசத்திலும் அக்காட்சியை மறையாது எழுதினார். பெர்லினில் அளவுகோலுடன் நின்ற மாணவியை ஈண்டும் காண்கிறோம்.

பாரத மாந்தரை ஆராய்ந்த 'யுகாந்தா' என்னும் மராத்தி நூல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அம்மையார் 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இயற்கை எய்தினார்.