சாமுவேல் பிஸ்க் கிறீன்: தமிழில் உடலியல் கற்பித்த மருத்துவரின் வாழ்வும் பணியும்

முன்னுரை

தமிழ்வழி மருத்துவக் கல்வி பற்றிய உரையாடல் எழும்போதெல்லாம் கலைச்சொற் பற்றாக்குறையே முதல் தடையாகச் சுட்டப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தடையை எதிர்கொண்டு, உடற்கூறு, உடலியங்கியல், அறுவை, மகப்பேறு, வேதியியல் ஆகிய துறைகளைத் தமிழில் கற்பித்தவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறாமைக்குச் சொல்லின்மை காரணமன்று என்பதை அவர்தம் வாழ்க்கை வழி நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பிறப்பும் யாழ்ப்பாண வருகையும்

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர், முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிப் பின் 1848இல் மானிப்பாய்க்குப் பெயர்ந்தார். அவ்வாண்டிலேயே நோயாளரைக் கவனிப்பதோடு சில மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். சமயப் பணியே அவரை இங்குக் கொணர்ந்தது. மருத்துவத்தை அதன் துணையாகவே அவர் கருதினார். இதனை மறைத்து அவரைத் தமிழ்த் தொண்டராக மட்டும் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

முதற் பணிக்காலத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் கிடைத்தமையால் அது எளிதாயிற்று. ஆனால் மிஷன் தாய்மொழிக் கல்வியை முதன்மைப்படுத்தத் தீர்மானித்ததன் விளைவாக 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மருத்துவர் ஊதியம் மிக்க பணிகளை நாடி ஊரைவிட்டு அகல்வர் என்னும் கருத்தும் கிறீனிடம் வலுப்பெற்றது. 1850களின் இறுதியில் தாயகம் சென்ற அவர், 1862இல் மணம்புரிந்து, அவ்வாண்டே மனைவியுடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 முதல் தமிழே பாடமொழியாயிற்று. மாணவர் நாட்டு உடையையும் வழக்கங்களையும் விடலாகாது என்றும் அவர் விரும்பினார். ஊராரிடமிருந்து வேறுபட்டுத் தோன்றும் மருத்துவன் ஊருக்குப் பயன்படான் என்பது அவர் கொள்கை. ஆகவே மொழிமாற்றத்திற்குத் தூண்டுதலாக அமைந்தது மொழிப்பற்று மட்டுமன்று. மருத்துவன் எங்கே வாழ வேண்டும் என்னும் நடைமுறை வினாவும் அதில் அடங்கியிருந்தது.

நூல்களும் சொல்லாக்கமும்

தமிழில் கற்பிக்கப் பாடநூல் வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், நலவியல் மூன்றையும் தொகுத்துரைத்த கட்டரின் நூலை முதற் பணிக்காலத்திலேயே அவர் தமிழாக்கியிருந்தார். 1857இல் பிரசவவைத்தியமும், 1867இல் இரணவைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும், 1883இல் டால்ட்டனின் உடலியங்கியலைத் தழுவிய மனுஷ சுகரணமும் வெளிவந்தன. டான்வோர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலிய மாணவர் மொழிபெயர்ப்பில் பங்கேற்றனர். கிறீன் அவற்றைத் திருத்திச் செம்மை செய்தார். இவ்வாறு உருவானவை 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. இப்பெருந்தொகுதி தனி ஒருவரின் ஆக்கமன்று. ஒரு வகுப்பறையின் ஆக்கம் எனல் தகும்.

இந்நூற்பெயர்களே அவர்தம் சொல்லாக்க நெறியைக் காட்டுகின்றன. வழக்கிலுள்ள சொல்லை முதலில் நாடுதல், கிட்டாதவிடத்து வடமொழியைத் துணைக்கொள்ளுதல், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்தல் என்பது அந்நெறி. இரணவைத்தியம் மக்கள் அறிந்த சொற்களால் ஆனது. சுகரணம் என்பதில் சு, கரணம் என்னும் வடமொழிக் கூறுகள் இணைந்து கருவிகளின் செவ்விய தொழிற்பாட்டை உணர்த்துகின்றன எனலாம். கெமிஸ்தம் ஆங்கில வேரினது. எனினும் அம் ஈறு பெற்றமையால் கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில் என இடர்ப்பாடின்றி வேற்றுமை ஏற்கிறது. வடசொல் மிகுதி இன்றைய வாசகர்க்கு இடையூறாகலாம். ஆயினும் ஒரு துறையை முழுமையாகக் கற்பிக்கப் போதுமான சொற்றொகுதி 150 ஆண்டுகளுக்கு முன்னரே உருவாகியிருந்தது என்பதில் ஐயமில்லை.

அறிவின் எல்லை

அக்காலத்தே வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பலமுறை தாக்கிற்று. கிறீன் மருத்துவம் செய்தும் தூய்மையை வலியுறுத்தியும் அதனை எதிர்த்தார். ஆனால் நோயை விளைப்பது நுண்ணுயிர் என்பது அவர் கற்பித்த காலத்தில் நிலைநாட்டப்படவில்லை. ராபர்ட் கோக் அந்நுண்ணுயிரை எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அடையாளம் கண்டது 1883, 1884ஆம் ஆண்டுகளில். மனுஷ சுகரணம் வெளிவந்த காலமும் அதுவே. கிறீனின் நூல்களில் காணும் விடுபாடுகளில் ஒரு பகுதி அக்கால அறிவியலின் எல்லையால் நேர்ந்தது; அதனைத் தமிழின் குறையாகக் கொள்ளலாகாது.

இறுதிக்காலம்

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். வூஸ்டரிலிருந்தபடியே தம் மாணவரின் மொழிபெயர்ப்புகளைக் கடல்கடந்து பெற்றுத் திருத்தி வந்தார். 1884 மே மாதம் தம் 61ஆம் வயதில் காலமானார். தமிழர்க்கு மருத்துவப் பணியாற்றியவர் என்னும் செய்தி அவர் கல்லறையில் இடம்பெற்றது. மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

கிறீனிடம் 60க்கும் மேற்பட்டோர் மருத்துவம் பயின்றனர். பாடநூல் இருந்தது, ஆசிரியர் இருந்தனர், சொல்லும் இருந்தது. எனினும் 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே பாடமொழியாகக் கொண்டது. அரசுப் பணிக்கும் தொழில் மதிப்புக்கும் அதுவே வாயிலாக, தமிழ்வழிக் கல்வி ஆதரவிழந்தது. கற்றவர்க்குரிய பதவியைத் தமிழ்க்கல்வி அளிக்க இயலாமற் போயிற்று. இன்று மருந்தியல் மாணவர்க்கு உயிரணு, நுண்ணுயிர், உடலியங்கியல் ஆகியவற்றைத் தமிழில் வழங்க முனைவோர் புதிய கலைச்சொற் பட்டியல்களோடு நின்றுவிடுதல் போதாது. தமிழில் கற்றவர்க்குத் தேர்வும் பட்டமும் பணியும் உறுதிப்படுமா என்பதே முதலில் விடை காணவேண்டிய வினா. கிறீனின் வாழ்க்கை தரும் படிப்பினை இதுவே.